பழைய ஸ்காட்ச் மால்ட் பாட்டில்கள்: தேடி வாங்கவும் திறந்து சுவைக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

"அப்பா 1975ல் வாங்கி வைத்த பன்னிரண்டு வருஷ ஸ்காட்ச் வீட்டில் அப்படியே இருக்கிறது. இப்போது அதற்கு அறுபது வயசு தாண்டியிருக்குமே, என்ன விலை போகும்?" இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத நண்பர்கள் குறைவு. பதில் கொஞ்சம் ஏமாற்றம் தரும். அதற்கு இன்றைக்கும் வயசு பன்னிரண்டுதான். விஸ்கிக்கு வயது கூடுவது மரப்பீப்பாய்க்குள் இருக்கும்வரை மட்டுமே. கண்ணாடிக்குள் இறங்கிய நாளோடு கணக்கு நின்றுவிடும்.

அப்படியானால் பழைய பாட்டிலைத் தேடி ஓடுவானேன்? காரணம், அதற்குள் இருப்பது இன்று யாரும் காய்ச்சாத சரக்கு. 1960கள் வரை ஸ்காட்லாந்தின் வடிசாலைகள் பலவற்றில் செப்புக் கொப்பரைக்கு அடியில் நிலக்கரித் தீ நேரடியாக எரிந்தது. பிறகு நீராவிக் குழாய்கள் வந்தன. பார்லியைத் தரையில் பரப்பி, முளைகட்டி, மரக்கரண்டியால் புரட்டிப் போட்ட வேலை பெரிய மால்ட் ஆலைகளுக்குப் போனது. முளைகட்டிய பார்லிதான் மால்ட், அதில் மட்டும் காய்ச்சிய விஸ்கிக்கும் அதுவே பெயர். ஸ்பெயினிலிருந்து ஷெர்ரி ஒயின் பீப்பாயிலேயே கப்பலேறி வந்த காலத்தில், ஒயின் தீர்ந்த பீப்பாய்கள் விஸ்கிக்காரர்களுக்குச் சல்லிசாகக் கிடைத்தன. 1980களில் அந்த வழியும் அடைபட்டது. பார்லி ரகமும் ஈஸ்டும்கூட மாறிவிட்டன. இதில் எந்த மாற்றம் எந்தச் சுவையைக் கொண்டுபோனது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆனால் ஒரே வடிசாலையின் 1970ஆம் ஆண்டுப் பாட்டிலையும் இன்றைய பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றி வைத்தால் பழக்கமில்லாத மூக்குக்கும் வேறுபாடு பிடிபடும்.

முதலில் குடித்துப் பாருங்கள், வாங்குவது அப்புறம்

புதிதாக வருகிறவர்கள் செய்கிற தவறு ஒன்றுதான். படம் பார்த்து, விலை பார்த்து, ஏலத்தில் கையைத் தூக்கிவிடுவார்கள். பழைய விஸ்கி தனக்குப் பிடிக்குமா என்பதே அவர்களுக்கு அதுவரை தெரியாது. பிடிக்காதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதில் தப்பே இல்லை.

ஸ்காட்லாந்து போக வாய்ப்புள்ளவர்களுக்கு வழி சுலபம். வடக்கே டோர்னோக் காஸில் ஹோட்டல் பார், ஸ்பேசைட் பகுதியில் கிரெய்கெல்லாக்கி ஊரின் ஹைலேண்டர் இன், கிளாஸ்கோவில் பாட் ஸ்டில் போன்ற இடங்களில் ஆளுக்கு ஒரு சிறு அளவாக வாங்கிக் குடிக்கலாம். ஜெர்மனியின் லிம்பர்க் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் விஸ்கிச் சந்தையில் பழைய பாட்டில்களைத் திறந்து வைத்து 2 சென்டிலிட்டர் கணக்கில் விற்பார்கள். முழுப் பாட்டில் விலையில் சிறு பங்கு கொடுத்தால் மூக்குக்கும் நாக்குக்கும் பாடம் கிடைத்துவிடும். அதுவும் முடியாதென்றால் நாலைந்து நண்பர்கள் சேர்ந்து ஒரு பாட்டில் வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். நான் ஆரம்பித்தது அப்படித்தான். என் பங்குக்கு வந்தது 140 மில்லி.

பாட்டிலின் காலத்தைக் கண்டுபிடிப்பது

இந்தப் பொழுதுபோக்கின் பாதி ருசி இதில்தான் இருக்கிறது. லேபிளில் "12 வருடம்" என்று போட்டிருப்பார்கள், எந்த ஆண்டு அடைத்தார்கள் என்று போட்டிருக்க மாட்டார்கள். அதைத் துப்புத் துலக்கித்தான் அறிய வேண்டும்.

அளவை முதலில் பாருங்கள். பிரிட்டனில் விற்ற பழைய பாட்டிலில் 26⅔ திரவ அவுன்ஸ் என்று அச்சிட்டிருக்கும். அது இம்பீரியல் கேலனில் சரியாக ஆறில் ஒரு பங்கு, ஏறக்குறைய 758 மில்லி. 75 சென்டிலிட்டர் என்றிருந்தால் பொதுவாக 1980கள். 70 சென்டிலிட்டர் என்றால் 1990களின் தொடக்கத்துக்குப் பிறகு. அமெரிக்கச் சந்தைக்குப் போனவற்றில் 4/5 குவார்ட் என்றிருந்தால் 1980க்கு முந்தையது. அங்கே இன்றைக்கும் 750 மில்லி புழங்குவதால், அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது.

அடுத்து வீரியம். பிரிட்டனின் பழைய லேபிள்களில் 70 டிகிரி புரூஃப் என்று இருக்கும். அதை 4ஆல் பெருக்கி 7ஆல் வகுத்தால் இன்றைய ஆல்கஹால் சதவீதம் வந்துவிடும். 70 டிகிரி என்பது 40%, 75 என்பது ஏறத்தாழ 43%, 100 என்பது 57%. வெடிமருந்தைச் சாராயத்தில் நனைத்துத் தீ வைத்தால் பற்றிக்கொள்ள வேண்டும், அதுதான் சரக்கு "நிரூபணமான" (புரூஃப்) அளவு என்று ஒரு பழங்கதை உண்டு. 1980 ஜனவரியில் பிரிட்டன் சதவீதத்துக்கு மாறியது. ஆகவே டிகிரி மட்டும் தனியாக இருக்கும் பிரிட்டிஷ் லேபிள் 1970களுக்கோ அதற்கும் முன்புக்கோ போகும். அமெரிக்க புரூஃப் வேறு கணக்கு, சதவீதத்தின் நேர் இரட்டிப்பு. இரண்டையும் குழப்பி, 86 புரூஃப் என்றதும் தீயாக எரியப்போகிறது என்று பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வெறும் 43%.

மூடியும் பேசும். உலோக வில்லும் நெம்புகோலும் வைத்த ஸ்பிரிங் மூடி என்றால் பெரும்பாலும் 1930களிலிருந்து 1960கள்வரை. திருகு மூடி என்றவுடன் மலிவு, புதிது என்று ஒதுக்கிவிடாதீர்கள். வைட் ஹார்ஸ் நிறுவனம் 1926லேயே அதற்கு மாறிவிட்டது. அமெரிக்காவுக்குப் போன பாட்டிலின் கண்ணாடியில் "இந்தப் பாட்டிலை மறுபடி விற்கவோ பயன்படுத்தவோ கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது" என்ற பொருளில் ஆங்கில வாசகம் புடைத்திருந்தால் 1935க்கும் 1964க்கும் இடையில் வார்த்த கண்ணாடி. அமெரிக்க அரசின் உடல்நல எச்சரிக்கை அச்சிட்டிருந்தால் 1989 நவம்பருக்குப் பிந்தையது. பார்கோடு இருந்தால் பாட்டிக்காலத்துப் பாட்டில் என்று யார் சத்தியம் செய்தாலும் நம்பாதீர்கள்.

இதையெல்லாம் சேர்த்து ஒரு உதாரணம். ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் பிரோரா என்ற ஊரில் கிளைனலிஷ் வடிசாலை இருந்தது. 1967-68ல் பக்கத்திலேயே புது வடிசாலை கட்டி கிளைனலிஷ் என்ற பெயரை அதற்குக் கொடுத்தார்கள். பழையது 1969ல் பிரோரா என்ற பெயரோடு மறுபடி ஓடி 1983ல் மூடப்பட்டது. மூடிய பிறகு அதன் மதிப்பு எங்கேயோ போனது. 2021ல் மறுபடி திறந்திருக்கிறார்கள்.

இப்போது உங்கள் முன்னால் "கிளைனலிஷ் 12 வருடம்" என்று ஒரு பாட்டில். 70 டிகிரி புரூஃப், 26⅔ அவுன்ஸ். இது எந்தக் கொப்பரையில் காய்ச்சியது? டிகிரி மட்டும் இருப்பதால் 1980க்கு முன்பு அடைத்தது. அதிலிருந்து 12 கழித்தால் 1967 அல்லது அதற்கும் முன்பு. அப்போது புது வடிசாலை ஓடத் தொடங்கியதே இல்லை, தொடங்கியிருந்தாலும் சில மாதம்தான். ஆக, லேபிளில் கிளைனலிஷ் என்றிருந்தாலும் உள்ளே இருப்பது பின்னாளில் பிரோரா என்று பெயர் மாறிய பழைய வடிசாலையின் சரக்கு. சாதாரணக் கழித்தல் கணக்குதான், ஆனால் ஏலத்தில் பல பேர் இதைப் போடுவதில்லை.

நிலைமையைப் பார்ப்பது

முதலில் பார்க்க வேண்டியது எவ்வளவு சரக்கு மிச்சம் என்பதை. திரவம் கழுத்தில் நின்றால் நல்லது. தோளின் மேல்பகுதி பரவாயில்லை. நடுத்தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால் காற்று பல வருடம் உள்ளே குடியிருந்திருக்கிறது, வீரியமும் இறங்கியிருக்கும். நான் தொடமாட்டேன். அதே சமயம், 1940களின் பாட்டிலில் சரக்கு நேற்று அடைத்ததுபோலக் கழுத்துவரை முட்டிக்கொண்டு நின்றால் அதுவும் சந்தேகத்துக்கு இடம்.

குளிரில் லேசாகக் கலங்குவது குற்றமல்ல. குளிர வைத்து வடிகட்டாத சரக்கு அப்படித்தான், அறைச் சூட்டில் தெளிந்துவிடும். அறைச் சூட்டிலும் தெளியாத கலங்கல் வேறு விஷயம். கறுப்பாக மிதக்கும் துகள் பெரும்பாலும் கார்க்கு உதிர்ந்தது. நிறம் அதே வரிசைப் பாட்டில்களைவிட வெளுத்திருந்தால் வெயிலில் நின்றது என்று அர்த்தம். பீங்கான் குடுவைகளில் உள்ளே பார்க்க வழியில்லை, எடை போட்டுத்தான் வாங்க வேண்டும். என் முதல் பீங்கான் குடுவையை எடை கேட்காமல் வாங்கினேன். வீட்டுக்கு வந்து குலுக்கினால் கால்வாசிதான் ஆடியது. விற்றவரைக் குறை சொல்ல முடியாது, அவர் அளவு எதையும் சொல்லவேயில்லை. கேட்காதது நான்.

எதிலிருந்து தொடங்கலாம்

செய்தியில் வருவதெல்லாம் மக்காலன் வடிசாலை 1926ல் காய்ச்சிய சரக்கு. 60 வருடம் பீப்பாயில் கிடந்து 1986ல் 40 பாட்டில்களாக அடைத்தது. அதில் ஒன்று 2023 நவம்பரில் லண்டனில் 21 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அதை மறந்துவிட்டு கீழே வாருங்கள்.

என் சிபாரிசு, மால்ட் வேட்டையை ஒரு பிளெண்டட் பாட்டிலில், அதாவது மால்ட்டோடு மற்றத் தானிய விஸ்கியும் கலந்த பாட்டிலில் தொடங்குங்கள். 1970களின் வைட் ஹார்ஸ். இதை உருவாக்கிய பீட்டர் மேக்கி, ஐலா தீவின் லகாவுலின் வடிசாலைக்கும் சொந்தக்காரர். அந்தப் புகைவாடை மால்ட் இந்தக் கலவையின் முதுகெலும்பு. அக்காலத்து லகாவுலினைத் தனியாக வாங்கச் சொத்தை விற்க வேண்டும். இதுவோ பிரிட்டிஷ் ஏலங்களில் இன்னமும் நூறு பவுண்டுக்குள் அகப்படுகிறது. மால்ட் ரசிகர்கள் பிளெண்டை ஏளனமாகப் பார்ப்பதால் நமக்கு லாபம்.

தூய மால்ட்டே வேண்டுமென்றால் இத்தாலிக்குப் போன கிளென் கிராண்ட் 5 வருடம். 1960களின் தொடக்கத்தில் அர்மாண்டோ ஜோவினெட்டி என்ற இறக்குமதியாளர் இதை மிலானுக்குக் கொண்டுவந்தார். இத்தாலியர்களுக்கு வெளிர்நிறத்து இளம் மால்ட் அப்படிப் பிடித்துப்போனது, அங்கே அது பெட்டி பெட்டியாக விற்றது. அதனால் இன்றும் இத்தாலிய வீட்டு அலமாரிகளிலிருந்து வெளிவந்துகொண்டே இருக்கிறது. ஐந்து வயசுதானே என்று நினைத்துத்தான் நானும் முதலில் ஊற்றினேன். பச்சை ஆப்பிளும் பார்லிக் கஞ்சியும் கலந்த அந்த மணத்தில் வாயடைத்துப்போனேன்.

சின்ன 5 சென்டிலிட்டர் பாட்டில்கள் ஆசை காட்டும். ஆனால் மூடி அளவுக்குச் சரக்கு கொஞ்சம் என்பதால் சீக்கிரம் கெடும். பத்தில் மூன்று நாலு ஏமாற்றும் என்ற மனத்தயாரிப்போடு வாங்குங்கள்.

பழசு என்றாலே உயர்வு என்பதும் இல்லை. 1960களில் காய்ச்சிய போமோர் மாம்பழமும் பேஷன் புரூட்டும் மணக்கும் என்று உலகமே கொண்டாடுகிறது. அதே வடிசாலையின் 1980கள் சரக்கில் லாவண்டர், சோப்பு வாசனை அடிப்பதாகப் பல ரசிகர்கள் சொல்கிறார்கள். பெயரைப் பார்த்து வாங்கினால் போதாது, காலத்தையும் பார்க்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

ஏலத்தில் கேட்கும் விலை முழு விலையல்ல. வாங்குபவர் கமிஷன், அதன்மேல் வரி, காப்பீடு, தபால் செலவு எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு, அதற்கு மேல் ஒரு பவுண்டுகூட இல்லை என்று ஒரு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் புத்தி வேலை செய்யாது. இந்தியாவுக்குக் கையோடு கொண்டுவருகிறவர்களுக்கு ஆளுக்கு 2 லிட்டர் வரைதான் சுங்கவரி விலக்கு.

போலி

2017ல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் ஹோட்டல் பாரில் ஒருவர் 1878 மக்காலன் என்று லேபிள் ஒட்டிய பாட்டிலிலிருந்து ஒரே ஒரு கோப்பைக்கு 9,999 பிராங்க் கொடுத்தார். பிறகு சோதித்ததில் அது 1970களின் தொடக்கத்தில் காய்ச்சிய பிளெண்டட் சரக்கு என்று தெரிந்தது. ஹோட்டல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2018ல் ஸ்காட்லாந்து ஆய்வகம் ஒன்றில் 55 அரிய பாட்டில்களைச் சோதித்தபோது 21 தேறவில்லை.

சோதனையின் சூட்சுமம் அழகானது. 1950களிலும் 60களிலும் வல்லரசுகள் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன் 14 என்ற கதிரியக்கக் கார்பன் எகிறியது. அந்தக் காற்றைக் குடித்து வளர்ந்த பார்லியிலும் அது ஏறியது. 1878ல் விளைந்த பார்லியில் அந்தத் தடம் இருக்கவே முடியாது.

நம்மால் ஆய்வகத்துக்கு ஓட முடியாது. கையில் புற ஊதா டார்ச் ஒன்று வைத்துக்கொள்ளலாம். வெண்மை கூட்டும் ரசாயனம் சேர்த்த காகிதம் அந்த வெளிச்சத்தில் நீலமாக மின்னும். அந்த ரசாயனம் காகிதத்தில் பரவலானது இரண்டாம் உலகப்போருக்குப் பிறகுதான். 1920களின் லேபிள் பளிச்சென்று மின்னினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். என் சொந்த விதி, 19ஆம் நூற்றாண்டு என்று சொல்லும் எதையும் நான் வாங்குவதில்லை. போலி செய்பவனுக்கு விலை உயர்ந்த பாட்டிலில்தான் கூலி கட்டுபடியாகும். நூறு பவுண்டு வைட் ஹார்ஸுக்கு மெனக்கெடுபவர் குறைவு.

திறப்பது

முப்பது நாற்பது வருடம் நின்ற கார்க்கு பொடியாகும் என்று எதிர்பார்த்தே உட்காருங்கள். முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டியவை: முன்பு காலியான பாட்டில்களின் நல்ல கார்க்குகள் நாலைந்து அளவில், கண்ணாடிப் புனல், காபி வடிகட்டும் காகிதம், சுத்தமான காலி பாட்டில் ஒன்று.

கழுத்தைச் சுற்றியிருக்கும் உலோகத் தகட்டை முழுதாக உரித்துவிட்டு வாயை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பழைய தகடுகளில் ஈயம் இருக்கலாம். பிறகு பாட்டிலை ஒரு நிமிடம் சாய்த்து கார்க்கை நனையவிட்டு நிமிர்த்துங்கள். கார்க்கைப் பிடித்து இழுக்கக் கூடாது. கார்க்கை அசையாமல் பிடித்துக்கொண்டு பாட்டிலை மெதுவாகத் திருக வேண்டும். க்ரிக் என்று ஒரு சத்தம் வந்தால் ஒட்டு விட்டது, நல்ல சகுனம். பொத் என்று வந்தால் பாதி கார்க்கு கையில், பாதி உள்ளே. அப்போது இரண்டு மெல்லிய தகடு வைத்த கார்க்கு இழுப்பானைப் பக்கவாட்டில் இறக்கி எடுக்கப் பாருங்கள். வராவிட்டால் உள்ளே தள்ளிவிட்டு வடிகட்டுவதுதான் வழி. வடிகட்டும் காகிதத்தைச் சுடுதண்ணீரில் ஒருமுறை அலசிவிடுங்கள், இல்லாவிட்டால் அட்டை வாசனை விஸ்கியில் ஏறும். தலைமுறை தாண்டி வந்த ஒன்றை அட்டை வாசனையோடு குடித்த பாவம் எனக்கு உண்டு.

சுவைப்பது

கழுத்து குறுகிய துலிப் கிளாஸ், 15 மில்லி போதும். ஊற்றியவுடன் மூக்கை வைத்தால் பலருக்கும் முகம் சுளிக்கும். பித்தளை, துரு, திறக்காத டிரங்குப் பெட்டி, ஈரக் காகிதம் எல்லாம் அடிக்கும். பழைய பாட்டிலுக்கே உரிய வாடை இது. கெட்டுவிட்டது என்று தீர்ப்பு சொல்ல அவசரப்படாதீர்கள். இருபது நிமிடம் விட்டுவிட்டு வேறு பேச்சுப் பேசுங்கள்.

என் 1970கள் வைட் ஹார்ஸின் குறிப்பேட்டை அப்படியே தருகிறேன். ஊற்றியவுடன்: பித்தளைக் குடத்தின் உள்பக்கம், நாப்தலின். பத்து நிமிடம்: குடம் போய்விட்டது, அணைந்த விறகடுப்பு, ஆரஞ்சுத் தோல். இருபத்தைந்து நிமிடம்: தேன்மெழுகு, கருப்பட்டிப் பாகு, பள்ளிக்கூடத்தில் முட்டி சிராய்த்தால் வாத்தியார் தடவிவிடும் டிஞ்சர். வாயில் மெல்லிசு, ஆனால் புகை நாக்கின் ஓரத்தில் நெடுநேரம் நின்றது.

ஐலா மால்ட்டின் அயோடின் வாடைக்கு டிஞ்சரைவிடப் பொருத்தமான சொல் என்னிடம் இல்லை. விஸ்கிப் புத்தகங்களில் வரும் ஹீதர் பூவை நான் முகர்ந்தது மிகவும் பிற்பாடுதான். உங்கள் மூக்குக்குத் தெரிந்ததை உங்கள் சொல்லில் எழுதுங்கள். விபூதியா, ஊறவைத்த புளியா, பழைய புத்தகமா, அதுவே சரி.

தண்ணீர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டும். 57% சரக்கு என்றால் துளித்துளியாகச் சேர்க்கலாம். 40%ல் அடைத்து பல பத்தாண்டு நின்றது ஏற்கெனவே களைத்திருக்கும், ஒரு டீஸ்பூன் தண்ணீரில் படுத்துவிடும். ஐஸைப் பற்றிப் பேச்சே வேண்டாம். பல பாட்டில் சுவைக்கிறீர்கள் என்றால் வீரியம் குறைந்ததும் நளினமானதும் முதலில், புகையடிப்பது கடைசியில். ஒரு மாலைக்கு நாலுக்கு மேல் என்றால் ஐந்தாவதை நாக்கு கேட்பதில்லை.

வைத்திருப்பது

ஒயின் போலப் படுக்கப் போடாதீர்கள். விஸ்கியின் வீரியம் கார்க்கை அரித்துவிடும். நிமிர்த்தி, இருட்டில், சூடு ஏறி இறங்காத இடத்தில் வையுங்கள். சென்னை வெயிலில் பரண் கூடவே கூடாது, அறைக்குள் கட்டில் அடி எவ்வளவோ மேல். பழைய திருகு மூடிகளின் உள்அட்டை சுருங்கி ஆவி கசியும் என்பதால் கழுத்தைச் சுற்றி ஆய்வக மெழுகுப் படலத்தை இழுத்துச் சுற்றிவிடுவது வழக்கம். வருடம் ஒருமுறை மட்டத்தைப் படமெடுத்து வைத்தால் இறங்குகிறதா என்று தெரியும். ஈயம் கலந்த ஸ்படிகக் குடுவையில் ஊற்றி அழகு பார்ப்பது ஒரு மாலைக்குச் சரி, மாதக்கணக்கில் விட்டால் ஈயம் கரையும்.

திறந்த பாட்டில் பாதிக்குக் கீழ் வந்ததும் சின்னக் கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றிவிடுங்கள். அப்படியும் ஒரு வருடத்துக்குள் முடித்துவிடுவது நல்லது.

முடிந்த பிறகு ஒரு வேலை பாக்கி. பழைய காலி பாட்டில்களை இணையத்தில் நல்ல விலைக்குக் கேட்பார்கள். அலங்காரத்துக்கு என்பார்கள். போலி அடைப்பவர்களுக்கு வேண்டியது அதுதான். நான் லேபிளின் குறுக்கே அழியாத மையில் திறந்த தேதியையும் கூடக் குடித்தவர்கள் பெயரையும் எழுதிவிடுகிறேன். அந்த வைட் ஹார்ஸ் காலி இன்று என் மேசையில் பேனாக்களோடு நிற்கிறது, குதிரையின் வயிற்றின் மேல் நாலு பேர் கையெழுத்தோடு.